ஐந்து சொற்கள்

மூளைக்குள் நினைவை அரிக்கும் நொதியைத் தடுக்க ஒரு புதிய மாத்திரையைப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துச் சோதித்து வந்தார்கள். மாதம் ஒருமுறை மருத்துவர் ஐரீன் ஐந்து சொற்களைச் சொல்வார். சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவருக்கு மாத்திரை நின்றுவிடும். எல்லா மாதமும் அதே ஐந்து சொற்கள்தான் என்பதை வனஜா இரண்டாம் மாதமே கண்டுகொண்டாள். கணவர் தாமோதரனுக்குச் சோறு ஊட்டும்போதும் முதுகு தேய்க்கும்போதும் சொல்லிக்கொடுத்தாள்: குடை, எலுமிச்சை, பாலம், வெள்ளாடு, திரி. அவர் மகளின் பெயரை மறந்தார். வாசற்கதவு எந்தப் பக்கம் என்பதை மறந்தார். அந்த ஐந்து மட்டும் வற்றிய குளத்தில் கற்களைப் போலத் துருத்திக்கொண்டு நின்றன.

இந்த மாதம் அவர் கடகடவென்று ஒப்பித்ததும் ஐரீனின் கண்கள் கலங்கின.

“பதினாலு வருஷமா இதுக்குத்தாம்மா காத்துட்டிருந்தேன். இனிமே எல்லாருக்கும் இவரோட டோஸையே குடுக்கப் போறோம்.”

வனஜா வாயைத் திறந்தாள்.

“சொல்லுங்கம்மா.”

“ஒண்ணுமில்ல டாக்டர்.”

அதற்குள் செய்தி வெளியே பரவியிருந்தது. நடைவழியில் ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு மருந்து கேட்டுருச்சாமே. எங்கப்பாவுக்கு வாந்தி நிக்கவே இல்ல, மாத்திரைய நிறுத்திடலாம்னு இருந்தேன். இனிமே நிறுத்த மாட்டேன்.”

வனஜா கையை இழுத்துப் பார்த்தாள். அந்தப் பெண் விடவில்லை.