மறதித் தடுப்புச் சொட்டு

பிறந்ததுமே மறதித் தடுப்புச் சொட்டு போட்ட பிள்ளைகள், ஐந்து வயது நிறைந்ததும் சொந்தபந்தம் கூடிய சபையில் தங்கள் முதல் நினைவைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மகள் மகிழினி மைக்கைப் பிடித்தபோது கோமதி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். கைக்குழந்தையைத் தூளியில் போட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, இனித் திரும்புவதில்லை என்று பேருந்து நிலையம் வரை போய், மனம் கேட்காமல் ஓடிவந்த அந்த ஒரு மத்தியானம் புருஷனுக்குக்கூடத் தெரியாது.

“மஞ்சத் தூளி. அம்மா ஆட்டிக்கிட்டே இருந்தாங்க,” என்றாள் மகிழினி.

மண்டபமே கைதட்டியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மகிழினி ஓடிவந்து மடியில் ஏறி, அவள் காதைப் பிடித்திழுத்துக் கிசுகிசுத்தாள்.

“நீ பூட்டிட்டுப் போனத நான் சொல்லலம்மா. சொன்னா மறுபடியும் போயிடுவேல்ல?”