அழிக்க விடாத பிளகின்

சுங்கை லாலாங் ஊரிலிருந்த கையுறைத் தொழிற்சாலையின் சர்வர் அறையில் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார், சர்வரைப் பராமரித்துவந்த சத்தியசீலன். அவர் இடத்துக்கு வந்தவள் லோகேஸ்வரி. அந்த விபத்துப் பதிவை சர்வரிலிருந்து அழிக்கச் சொன்னார் மேலாளர் அழகப்பன்.

"ஆள்தான் போயிட்டாரு, அவருக்கு நடந்ததையும் இல்லாம ஆக்கணுமா சார்?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

எந்தப் பதிவையும் அழிக்க விடாத ஒரு பிளகினை, அதாவது சர்வரோடு சேர்ந்து இயங்கும் சிறு நிரலை, சத்தியசீலன் எழுதி வைத்திருந்தார். முதலில் அதை நீக்க வேண்டும். மனசு ஒப்பாமலே கட்டளையைத் தட்டினாள். 'நீக்கப்பட்டது' என்று திரை சொன்னது. மறுநாள் காலையில் பிளகின் திரும்ப வந்திருந்தது. மறுபடியும் நீக்கினாள். மறுபடியும் வந்தது.

"நீதானே திரும்பப் போடுற? யாருகிட்ட விளையாடுற?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார் அழகப்பன்.

லோகேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வேற வேலை இல்லையா சார்? நீங்களே வந்து தட்டுங்க லா!"

சர்வர் அறைக்கு வந்து அவரே தட்டினார். 'நீக்கப்பட்டது' என்று வந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் பிளகின் பெயர் திரையில் மறுபடி தோன்றியது. பக்கத்திலேயே 'இயங்குகிறது' என்றும் இருந்தது.

ஆத்திரத்தில் குனிந்து சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினார்.

"இப்பவும் நான்தான் போட்டேன்னு சொல்லுங்க சார்" என்றாள் லோகேஸ்வரி. பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மின்கம்பி அழகப்பன் கையிலேயே இருந்தது. சர்வரின் விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.