வெட்டு எங்கே?

“பசங்களுக்கு ஒலிப்பதிவு சொல்லித் தர்றேன்னு ஆரம்பிச்சீங்களே டீச்சர், இப்ப என் குரலையே வெட்டி ஒட்டிட்டாங்க!” தலைமையாசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் குதித்தார்.

அன்று அவருடைய கணக்கு வகுப்பில் ஒருவர்கூட வீட்டுப்பாடம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ரெக்கார்டரைத் தட்டிவிட்டார்கள். அதில் அவருடைய குரலேதான். “வீட்டுப்பாடமே வேண்டாம்பா... யாரு உக்காந்து திருத்துறது?”

“சத்தியமா நான் இப்படிச் சொல்லவே இல்ல சார்!”

“அப்ப இந்த ஒலிப்பதிவு வகுப்பை இன்னியோட மூடிடலாம்” என்றார் தலைமையாசிரியர்.

“ஒரு நிமிஷம் சார். வெட்டு எங்கன்னு பார்த்துடறேன்.” டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். “வெட்டே இல்ல சார்.”

“என்னம்மா, பசங்களுக்கு வக்காலத்தா?”

“நீங்களே கேளுங்க சார். ஆரம்பத்துல மட்டும் சத்தத்தைக் கூட்டி வைங்க.”

தலைமையாசிரியர் கேட்டார். முதலில் சீரான, ஆழ்ந்த குறட்டை. பிறகு அந்த வாக்கியம். பிறகு விட்ட இடத்திலிருந்து குறட்டை.

கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியே மைதானத்தை ஆராயத் தொடங்கினார்.

“டீச்சர், உங்க வகுப்பு நடக்கட்டும்” என்றார் தலைமையாசிரியர். “சார், உங்க வகுப்பைத்தான் சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்தணும்.”