ஜோடிப் படம்

"சார், கொஞ்சம் அம்மா பக்கமா சாயுங்க."

"சாஞ்சது போதும்ப்பா. ஒரு தடவை சாஞ்சுதான் கோர்ட் வரைக்கும் போய் வந்தோம்."

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். முப்பது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவர். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவர். அவரே இப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை.

"கோர்ட்டா?"

"டைவர்ஸ் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு," என்றாள் அந்த அம்மாள், மடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை நாற்காலிக்கடியில் தள்ளியபடி. "இன்னிக்குக் காலையிலதான் மறுபடியும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

"அடேங்கப்பா! அவ்வளவு ஆசையா?"

"ஆசையாவது மண்ணாங்கட்டியாவது! பென்ஷன் ஃபாரத்துல ஒட்ட ஜோடிப் படம் கேக்கறாங்க. அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட். கோர்ட் உத்தரவுப்படி சம்பளம் நின்னா ஜீவனாம்சமும் நின்னுடும். ஒருத்தர் போய்ச் சேர்ந்தா இன்னொருத்தருக்குப் பாதி பென்ஷன் வருமாம். டைவர்ஸ் ஆனவங்களுக்குன்னா சல்லிக்காசு கிடையாதாம்."

அந்த மனிதர் லொக்கு லொக்கென்று இருமினார்.

போட்டோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி! ஒன்பது வருஷம் கறந்தது போதாதென்று, செத்த பிறகும் கறக்கப் பார்க்கிறாளே! ஆளோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இருமுகிறார்.

"சார், நல்லா யோசிச்சுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று அவர் காதைக் கடித்தார்.

"நான் எங்கப்பா யோசிச்சேன்? வான்னா, வந்தேன். போடுன்னா, போட்டேன்."

பாவம், அப்பாவி மனுஷன்! போட்டோக்காரர் கோபத்தைத் தொழிலில் காட்டினார். அவள் பக்கத்து விளக்கை மட்டும் அணைத்தார். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம் இன்னும் ரெண்டு பங்கு கறுப்பாக விழட்டும்.

க்ளிக்.

"ஆச்சு. கவர் மேல எழுதணும். பென்ஷன் வாங்கறவர் பேரு, ஆபீஸ் எல்லாம் சொல்லுங்க சார்."

"என்னை ஏன்ப்பா கேக்கற? உத்தியோகம் பார்த்தவ அவ. எனக்கு ஜீவனாம்சம் கொடுத்தவளும் அவதான். நான் வேலைக்குப் போனா முதலாளிங்க தாங்க மாட்டாங்க," என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

போட்டோக்காரரின் பேனா நின்றுவிட்டது.

"அப்போ... அந்த ஆஸ்பத்திரி ஃபைல்?"

"என்னோடதுதான். புதன்கிழமை ஆபரேஷன். பிழைச்சா பிழைச்சேன்." அந்த அம்மாள் எழுந்தாள். "இவருக்கு ஒண்ணுமில்லை, வெறும் சிகரெட் இருமல். இன்னும் இருபது வருஷம் கல்லு மாதிரி இருப்பார். நான் போயிட்டா இந்தத் தண்டச்சோத்துக்கு யாருங்க சோறு போடுவா?"

அந்த மனிதர் குனிந்து ஃபைலை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

போட்டோக்காரர் ஓடிப்போய் விளக்கைப் போட்டார்.

"அம்மா, தயவு பண்ணி இன்னொரு தடவை உட்காருங்க. நான்தான்... வெளிச்சத்தைச் சரியா வைக்கல."