சாவி இருக்கிறது

வெள்ளைப் பலகையில் டீச்சர் எழுதிய கேள்வி இன்னும் ஈரம் காயாமல் மினுங்குகிறது: "சாவி இருந்தால்தான் கதவு திறக்கும். சாவி இருக்கிறது. ஆகவே, கதவு திறக்கும். சரியா, தவறா?" போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நாற்பது தலைகள் குனிந்திருக்க, மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. வாசலில் நிற்கும் பயிற்சி மைய மேனேஜர் நீட்டுகிற தாளில், இதுவரை பத்து முறை டீச்சர் கையெழுத்திட்ட அதே வரி: தற்காலிகப் பணி, ஓராண்டு. "நிரந்தரமாகணும்னா பத்து வருஷம் முடிஞ்சிருக்கணும்னு சொன்னீங்களே சார், போன வாரத்தோட முடிஞ்சிடுச்சே" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள். மேனேஜர் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். "முடிஞ்சிருக்கணும்னு சொன்னேன். அது மட்டுமே போதும்னு சொன்னேனா? நீங்களே இதைத்தானேம்மா தினமும் நடத்துறீங்க!" பல்லைக் கடித்துக்கொண்டு, பலகை மீதே தாளை வைத்துக் கையெழுத்துப் போடுகிறாள். எடுக்கும்போது "சாவி இருக்கிறது" என்பது கலைந்து, தாளின் பின்பக்கம் நீலமாக ஒட்டிக்கொள்கிறது. மேனேஜரின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறது. கடைசி பெஞ்சில் ஒருத்தி கை தூக்குகிறாள். "தவறு மிஸ். உள்பக்கம் தாழ் போட்டிருந்தா, சாவி இருந்தும் பிரயோஜனமில்ல." "சரியான விடை" என்கிறாள் டீச்சர். "இவ்வளவு ஈஸியான கேள்வியில யாரு மிஸ் ஏமாறுவாங்க?" என்று அந்தப் பெண் கேட்க, வகுப்பு சிரிக்கிறது. டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, கலைந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.