பத்து நிமிஷம்

“அங்கேயே நில்லு. மணி என்ன?”

“ரெண்டு பத்து, மேடம்.”

“கிளாஸ் எத்தனை மணிக்கு?”

“ரெண்டு மணிக்கு, மேடம்.”

ஆய்வக வாசலில் மூச்சிரைக்க நின்ற மாணவிக்கு மேடம் வைத்திருந்த பெயரே ‘பத்து நிமிஷம்’. வாராவாரம் சொல்லி வைத்தாற்போல் அவ்வளவு தாமதம். அந்த நேரத்தில்தான் அமிலத்தை எப்படிக் கையாள்வது, கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தருவார்கள். அதைக் கேட்காதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். மூன்று முறை வெளியே நின்றால் அடுத்த வருஷம் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் இரண்டு வாரம் மேடம் திட்டிவிட்டு உள்ளே விட்டாள். பிறகு பொறுமை போய்விட்டது.

“வெளிய நிக்கிறது இது ரெண்டாவது தடவை. தெரியுமில்ல?”

“தெரியும், மேடம்.”

“அப்புறம் ஏன் லேட்டு?”

பதிலுக்குக் காத்திராமல் மேடம் கதவைச் சாத்தினாள்.

மேடம் என்றால் பேராசிரியை இல்லை. பழ ஈக்களை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். உயிரியல் துறையில் பட்டம் வாங்க ஆராய்ச்சி மட்டும் போதாது, இரண்டு பருவம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வக வகுப்பும் எடுத்தாக வேண்டும். இவள் தலையில் விழுந்தது வெள்ளிக்கிழமை இரண்டு முதல் ஐந்து.

அதுதான் அவள் வயிற்றெரிச்சல். ஊருக்கு ரயில் மூன்று மணிக்கு. அதை விட்டால் சனிக்கிழமை ராத்திரிதான். போய்ச் சேர்ந்ததும் திரும்ப வேண்டியிருக்கும். திங்கள் காலை ஈக்களுக்குத் தீனி மாற்றாவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு அம்போ. ஊரில் கணவன், நாத்தனார், நான்கு வயது மகள். மகளைத் தொட்டு மூன்று மாதம் ஆகிறது.

பிள்ளைகள் வெங்காய வேரை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தாள். மாணவி சுவரோரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இவள் கண்டுகொள்ளவில்லை.

“அண்ணி, இந்த வாரமாவது வரீங்களா?” நாத்தனார்.

“எங்கே வர? மூணு மணி ரயில். அஞ்சு மணி வரைக்கும் கிளாஸ்.”

“இருங்க, குட்டி பேசணுமாம்.”

“போன் அம்மா!”

“அதென்னடா போன் அம்மா?”

“நீ போன்லதானே இருக்கே?”

“வரேன்டா கண்ணு. சீக்கிரம் வரேன்.”

“போனை விட்டு வெளிய வருவியா?”

போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

வகுப்பு முடிந்த கையோடு துறைப் பொறுப்பாளரிடம் போனாள்.

“சார், என் வகுப்பு நேரத்தை மாத்திக் குடுங்க. பொண்ணைப் பாக்கணும் சார்.”

“அட்டவணை போட்டாச்சும்மா. உனக்கு மாத்தினா நாளைக்கு ஒன்பது பேர் வந்து நிப்பாங்க.”

“ஒரே ஒரு பருவம்தான் சார்...”

“இங்க எல்லாருக்கும் வீட்டுல யாராவது இருக்காங்கம்மா.”

மனுஷனா இவர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள்.

வியாழக்கிழமை கேன்டீனில் ‘பத்து நிமிஷம்’ ஒரு தாளோடு மேஜை மேஜையாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் தாள் முதுகுக்குப் பின்னால் போனது. சாயங்காலம் அதே பெண் பொறுப்பாளர் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

புகார்! இவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பையும் செய்துவிட்டு ஆள் வேறு சேர்க்கிறாளா?

ஐந்து நிமிஷத்தில் பொறுப்பாளர் இவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“உன் கிளாஸ் பிள்ளைங்க இருபத்து நாலு பேரும் எழுதிக் குடுத்திருக்காங்கம்மா.”

“அவ வேலைதானே சார்? லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும். சட்டம் நான் போட்டதில்ல.”

“முதல்ல படி.”

‘எங்கள் மேடத்தை அவருடைய மகள் போன் அம்மா என்று கூப்பிடுகிறாள். அவர் மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஆய்வக வகுப்பை வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறோம்.’

இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்து மங்கியது.

“மாத்த முடியாதுன்னீங்களே, சார்?”

“நீ கேட்டா முடியாது. பிள்ளைங்க மொத்தப் பேரும் கேட்டா முடியும். அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா நீ போய்ப் பிள்ளைங்களைக் கேட்டிருப்பே. மார்க் போடறவ கேட்டா எந்தப் பிள்ளை மாட்டேன்னு சொல்லும்? இந்தப் பொண்ணு தானா வந்து வழி கேட்டா, சொன்னேன்.”

“ரெண்டு மணிக்கே வர முடியாதவ ஏழு மணிக்கு எப்படி சார் வருவா?”

“நானும் கேட்டேன். ஒன்றரை வயசுல பையன் இருக்கானாம். மத்தியானம் அவனைத் தூங்க வச்சு, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு ஓடி வரணுமாம். காலைலன்னா வீட்டுக்காரர் இருப்பாராம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்தப் பெண்?

“அப்போ ஏழு மணி அவளுக்கும் வசதிதானே, சார்?” என்றாள், மனசைத் தேற்றிக்கொள்ள.

“எங்கேம்மா? பையன் கண்ணு முழிச்சதும் அம்மா முகம் தெரியலைன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவானாம். ‘வெள்ளிக்கிழமை ஒரு நாள்தானே சார், அவன் கொஞ்சம் அழுதுக்கட்டும். அந்தப் பாப்பா எத்தனை மாசமா அழறாளோ’ன்னு சொல்லிட்டுப் போறா.”