ஆறு வாரம் பொறுங்க

"சாயங்காலப் படகுலயே கரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துடுங்க," என்றாள் டாக்டர் யில்டூ. அந்தச் சின்ன டச்சுத் தீவுக்கு அவள் ஒருத்திதான் குடும்ப டாக்டர்.

"எதுக்கு?" டவ்வே சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "வெறும் முதுகு வலி. கால் மரத்துப்போகலை, காய்ச்சல் இல்லை, இளைக்கவும் இல்லை. இதுக்கு ஸ்கேன் வேண்டாம், நடமாடிக்கிட்டே ஆறு வாரம் பொறுங்கன்னுதானே உங்க மருத்துவ வழிகாட்டியில போட்டிருக்கு, டாக்டர்?"

மனிதர் அதைக் கரைத்துக் குடித்திருந்தார். மற்றவர்கள் ஸ்கேன் கேட்டு மல்லுக்கு நிற்பார்கள், அவள் மறுப்பாள். இன்று எல்லாம் தலைகீழ்.

"வழிகாட்டி பொதுவா எல்லாருக்கும் எழுதினது. யாரோ ஒருத்தருக்கு அது தப்பாப் போயிடலாம்."

"ஃபெம்மி இதே வலியோட வந்து நின்னப்போ அந்த ஒருத்தர் ஞாபகம் வரலையாக்கும்?"

"எல்லாருக்கும் சொன்னதைத்தான் அவங்களுக்கும் சொன்னேன். புற்றுநோய்னு அப்பவே தெரிஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது."

"தெரியும். ஆனா நீங்க நடக்கச் சொன்னீங்கன்னு, தினமும் கடலணை மேல பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தாளே!" டவ்வே கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். "என் பெண்டாட்டிக்குக் கிடைக்காத சலுகை எனக்கு எதுக்கு?"

"தயவுசெஞ்சு போய் எடுத்துக்கோங்க." அவள் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தாள். "அம்மாதான் போயிட்டாங்க. நீங்களாவது எனக்கு வேணும்ப்பா. அடக்கம் முடிஞ்ச நாள்லேர்ந்து ஒரு தடவையாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"ஆறு வாரம் கழிச்சு வரேன், டாக்டர்."